பானையை உடைக்காமல் பூசணியை எடுத்தல்

சென்ற பொங்கல் விழாவுக்கு முந்திய வாரம் அது. நம் சங்கத்தார் எல்லோரும் கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் விடுதி அறையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அறைத் தோழர் திருநெல்வேலிக்காரர், வரலாறு படிக்கிறவர். மேசைமேல் நான் வைத்திருந்த சிறிய கண்ணாடிக் குப்பியையும் அதிலிருந்த கரித்தூளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்னவே இது கூத்து? ஆறு நாளா ஓர் அடுப்பிலே வச்சு என்னமோ சமைச்சீரு. வெந்து வந்ததும் அதை எடுத்து இன்னோர் அடுப்பிலே போட்டு எரிச்சீரு. இப்போ கரியாப் போச்சுன்னு சோறு இறங்காம இருக்கீரு. எரிக்கிறதுக்குன்னா எதுக்குவே சமைக்கணும்?"

கேள்வி நியாயமானதே. அன்று எனக்குப் பதில் சொல்லும் மனநிலை இல்லை. நம் மலருக்கு ஒரு விஞ்ஞானக் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, அந்தக் கேள்விக்கே விடை எழுதிவிடலாம் என்று தோன்றியது. அறைத் தோழரும் படிப்பார். விஞ்ஞானம் படிக்காத மற்ற அன்பர்களும் படிக்கலாம்.

நான் சமைத்த பொருளுக்குச் சியோலைட் என்று பெயர். 1756-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுக் கனிப்பொருள் அறிஞர் ஆக்ஸெல் கிரான்ஸ்டெட் என்பவர் ஒரு கல்லை ஊதுகுழல் சுடரில் காட்டினார். கல் நுரைத்துக் கொதித்தது. உள்ளே இருந்த நீர் ஆவியாகிப் பொங்கி வந்ததுதான் காரணம். கிரேக்க மொழியில் கொதித்தல் என்பதற்கும் கல் என்பதற்கும் உள்ள சொற்களைச் சேர்த்து அதற்குச் சியோலைட் என்று பெயரிட்டார். கொதிகல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கல்லைக் காண நாம் ஸ்வீடனுக்குப் போக வேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் இந்த மகாராட்டிரத்திலேயே, தக்காணத்துக் கரும்பாறைகளில், பழைய எரிமலைக் குழம்பு உறைந்தபோது ஏற்பட்ட குமிழிப் பொந்துகளுக்குள் ஸ்டில்பைட், ஹியூலண்டைட் முதலிய சியோலைட்டுகள் பூங்கொத்துப்போலப் பூத்துக் கிடக்கின்றன. கிணறு வெட்டுகிறவர்கள் கையிலும் கல்லுடைக்கிறவர்கள் கையிலும் அவை அகப்படுகின்றன. உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களிலெல்லாம் புணே, நாசிக், ஜல்காவ் பகுதிகளின் கற்கள் கண்ணாடிப் பேழைகளில் இருக்கின்றன.

நீர் உள்ளே இருந்தது என்றேன். எங்கே இருந்தது? சிலிக்கன் அணு ஒவ்வொன்றும் நான்கு பிராணவாயு அணுக்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பிராணவாயு அணுவும் இரண்டு சிலிக்கன்களுக்குப் பாலமாக நிற்கிறது. இப்படியே கைகோத்துக்கொண்டு போனால் ஒரு கட்டடம் உருவாகும். மணலில் அந்தக் கட்டடம் நெருக்கமாக இருக்கிறது. சியோலைட்டிலோ அது அறையும் தாழ்வாரமுமாக, வெற்றிடம் விட்டுக் கட்டப்பட்டிருக்கிறது. தாழ்வாரங்களின் அகலம் ஒரு மில்லிமீட்டரைக் கோடிக் கூறாக்கி அதில் நாலைந்து கூறுகளை எடுத்தால் எவ்வளவோ அவ்வளவு. மூலக்கூறுகளின் பருமனும் அவ்வளவே. ஆகவே அந்த வாயிலில் நுழையக்கூடிய மூலக்கூறு உள்ளே போகும். நுழைய முடியாதது வெளியே நிற்கும். மாவு சலிப்பதுபோல மூலக்கூறுகளையே சலிக்கலாம். மேலும் சில சிலிக்கன்களின் இடத்தில் அலுமினியம் அமர்ந்தால் அந்த இடத்தில் ஓர் எதிர்மின்னூட்டம் மிஞ்சும். அதை ஈடுகட்ட ஒரு நேர்மின் அயனி அருகில் நின்றாக வேண்டும். அந்த அயனி ஹைட்ரஜனானால், கல்லே அமிலமாகிவிடும்! கந்தக அமிலத்தைக் கொண்டு செய்ய வேண்டிய பல வேலைகளை ஒரு வெண்ணிறத் தூள், கையைச் சுடாமல், பாத்திரத்தை அரிக்காமல் செய்து முடிக்கும். பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைகள் இத்தூளை விடாமல் பற்றிக்கொண்டிருப்பது இதனால்தான்.

நியூசிலாந்தில் பிறந்து இங்கிலாந்தில் ஆராய்ந்த ரிச்சர்டு பாரர் என்ற பேரறிஞர் 1940-களில் இக்கற்களைச் சோதனைச் சாலையிலேயே செய்து காட்டினார். அமெரிக்காவில் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் இராபர்ட் மில்டனும் அவருடன் இருந்தவர்களும் இயற்கையில் இல்லாத சியோலைட்டுகளையே உண்டாக்கினார்கள். 1954-இல் அவை கடைச்சரக்காயின. அந்த முதல் தலைமுறைச் சியோலைட்டுகளில் நாம் பேச வந்த சிக்கல் இல்லை. சோடியம், அலுமினியம், சிலிக்கன், காரம், நீர் — இவ்வளவே சேர்மானம். உள்ளே இருப்பது நீர், சுட்டால் போய்விடும்.

சிக்கல் 1961-இல் தொடங்கியது. பாரரும் டென்னியும் சோடியத்துக்குப் பதிலாக டெட்ரா மெத்தில் அம்மோனியம் என்ற கரிம அயனியைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதே காலத்தில் மொபில் நிறுவனத்தில் ஜார்ஜ் கெர் என்பவரும் அவ்வழியில் சென்றார். கரிம அயனியைச் சுற்றியே கல் வளர்ந்தது. அயனியின் பருமனை மாற்றினால் கட்டடத்தின் அமைப்பும் மாறியது. சிலிக்கனின் விகிதத்தையும் உயர்த்த முடிந்தது. அதன் பிறகு கதவு திறந்துவிட்டது. அயனி மேல் அயனியாகச் சோதித்து, இன்று 250-க்கும் மேற்பட்ட கட்டட வகைகள் பதிவாகியிருக்கின்றன. இக்கரிம அயனியை ஆங்கிலத்தில் டெம்ப்ளேட் என்பார்கள். அச்சு மூலக்கூறு என்று நான் எழுதுகிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் தமிழிலக்கியத் துறை நண்பர்கள் தெரிவிக்கட்டும்.

இவற்றுள் புகழ்பெற்றது இசட்.எஸ்.எம்.-5. மொபில் நிறுவனத்தின் ஆர்காவர், லாண்டோல்ட் என்ற இருவர் பெயரில் 1972-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. நான் சமைத்ததும் இதுவே. நேராகச் செல்லும் தாழ்வாரங்களும், பாம்புபோல நெளிந்து செல்லும் தாழ்வாரங்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் அமைப்பு அதில் இருக்கிறது. வாயிலின் அகலம் ஏறத்தாழ ஐந்தரை ஆங்ஸ்ட்ராம். இதற்குரிய அச்சு டெட்ரா புரோபைல் அம்மோனியம்: நடுவில் ஒரு நைட்ரஜன், அதிலிருந்து நான்கு பக்கமும் நீளும் நான்கு கரிமக் கைகள். அது எங்கே உட்காருகிறது தெரியுமா? தாழ்வாரங்கள் சந்திக்கும் நாற்சந்தியில். இரண்டு கைகளை நேர்த் தெருவிலும் இரண்டு கைகளை நெளிந்த தெருவிலும் நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு சந்தியிலும் ஒன்றாக, போக்குவரத்துக் காவலரைப்போல நிற்கிறது.

இப்போது சிக்கல் விளங்கியிருக்கும். நம் பாட்டிமார் சொல்லும் கதை ஒன்று உண்டு. குறுகிய வாயுள்ள பானைக்குள் பெரிய பூசணிக்காய் ஒன்றைப் போட்டுக் கொண்டுவா என்று அரசன் கட்டளையிட்டான். விகடகவி கொடியிலிருந்த பிஞ்சைப் பானைக்குள் விட்டு, அங்கேயே வளரவிட்டுக் கொண்டுபோய் நிறுத்தினான். கதை அதோடு முடிந்துவிடுகிறது. விஞ்ஞானிக்கோ அங்கேதான் தொடங்குகிறது. பானையை உடைக்காமல் பூசணியை வெளியே எடுப்பது எப்படி?

நீரில் கழுவலாமே என்பார்கள். கழுவினால் வராது. அச்சின் பருமன் வாயிலின் அகலத்தைவிடப் பெரிது. கல் அதைச் சுற்றி வளர்ந்ததேயன்றி, அது வாயில் வழியாக உள்ளே வந்ததன்று. சாராயத்தில் ஊறவைத்தாலும் அமிலத்தில் காய்ச்சினாலும் சந்தியில் நிற்கும் காவலர் அசையமாட்டார். அவர் அங்கே நிற்கும்வரை தெருவில் போக்குவரத்தும் இல்லை. நல்ல இசட்.எஸ்.எம்.-5 ஒரு கிராமின் உட்பரப்பு 350 முதல் 400 சதுர மீட்டர். நம் விடுதியின் பூப்பந்து ஆடுகளம் நாலைந்தை விரித்துப் போட்ட அளவு. அச்சு உள்ளே இருக்கும்போது அதே தூளை அளந்தால் பரப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆறு நாள் வெந்த கல் வெறும் மணலுக்கு ஒப்புத்தான்.

ஆகவே பூசணியைத் துண்டு துண்டாக்கித்தான் எடுக்க வேண்டும். கத்தி உள்ளே நுழையாது, வெப்பம் நுழையும்.

சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடுகாட்டி மெழுகை உருக்கி வடிப்பார்கள். இடம் வெறுமையானதும் உலோகக் குழம்பை வார்ப்பார்கள். நம் வேலை அதற்கு அண்ணன் தம்பி முறை. ஆனால் இரண்டு வேற்றுமைகள் உண்டு. மெழுகு வடிவதற்கு ஸ்தபதி ஒரு துளை விட்டிருப்பார். இங்கே அப்படித் தாராளமான துளை இல்லை. அவருக்கு வெற்றிடம் இடைவழி. நமக்கோ அந்த வெற்றிடமே சரக்கு.

சூடேற்றும்போது நடப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். முதலில் 100, 150 டிகிரிக்குள் ஒட்டியிருந்த நீர் போகும். இதில் விசேஷம் ஒன்றுமில்லை. பின்னர் நெடுநேரம் எதுவும் நடக்காது. 350 டிகிரியைத் தாண்டிய பிறகே அச்சு தளரத் தொடங்கும். அது உடையும் வழி 1851-இலேயே ஹாஃப்மன் என்ற ஜெர்மானியர் கண்ட வழிதான்: நான்கு கைகளில் ஒன்று கழன்று புரோப்பீன் வாயுவாகப் போகிறது, மூன்று கைகளோடு டிரை புரோபைல் அமீன் நிற்கிறது, ஒரு ஹைட்ரஜன் அயனி கல்லின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, கடைசியில் வெறும் அம்மோனியாவாக முடியும். கை குறையக் குறைய மூலக்கூறு சிறுத்து வாயிலில் நுழைந்து வெளியேறும். அலுமினியத்தின் எதிர்மின்னோடு பிணைந்து நிற்கும் அச்சுகள் மட்டும் இன்னும் சற்று உயர்ந்த வெப்பம்வரை பிடிவாதம் பிடிக்கும். அந்த ஹைட்ரஜன் அயனி சுவரில் ஒட்டியதைக் கவனித்தீர்களா? நான் முன்பு சொன்ன அமிலம் அதுதான். வெளியேறும் அச்சே, தான் இருந்த இடத்தில் அமிலத்தை வைத்துவிட்டுப் போகிறது. இந்த வேதிக் கிரியையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

ஆனால் அந்த அமிலம் சும்மா இருப்பதில்லை. கழன்று வரும் புரோப்பீன் மூலக்கூறுகளைத் தெருவிலேயே மறித்து, ஒன்றோடொன்று இணைத்து, வளையங்களாக முறுக்கி, ஹைட்ரஜனை உருவிவிடும். எஞ்சுவது கரி. அச்சு போய்விட்டது என்று நாம் மகிழும் வேளையில் தெருவில் கரி அடைத்துக்கொண்டிருக்கும். இந்தக் கரியைப் போக்க ஒரே வழி பிராணவாயு கொடுத்து எரித்துக் கரியமிலவாயுவாக அனுப்புவது. அதற்கு 500, 550 டிகிரி வேண்டும். தூளின் நிறமே இக்கதையைச் சொல்லும். வெண்மை முதலில் மஞ்சளாகி, பழுப்பாகி, கறுத்து, பிறகு சாம்பல் நிறமாய் வெளுத்துக்கொண்டே வந்து, மீண்டும் வெண்மையாகும்.

என் தூள் பாதி வழியில் கறுப்பிலேயே நின்றுவிட்டது.

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். இவ்வாறு சுடுவதற்கு ஆங்கிலத்தில் கால்சினேஷன் என்று பெயர். பள்ளியில் உலோகவியல் பாடத்தில் அச்சொல்லுக்கு நான் மனப்பாடம் செய்த இலக்கணம்: "தாதுவைக் காற்று இல்லாமலோ, குறைந்த காற்றிலோ வெப்பப்படுத்துதல்." காற்றோடு செய்தால் அது வறுத்தல், வேறு பாடம், வேறு மதிப்பெண். சுண்ணாம்புக் கல்லுக்கும் மற்றக் கார்பனேட்டுகளுக்கும் அது சரியே. அந்தக் கல் தானே உடைந்து வாயுவை விட்டுவிடும், காற்று தேவையில்லை. நம்மூர்ச் சித்த வைத்தியர்கள் அகலை அகலால் மூடிச் சீலைமண் செய்து புடமிடுவதும் இந்த வகைதான். சியோலைட்காரர்கள் அதே சொல்லை நேர்மாறான வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானோ பாடநூலுக்கு விசுவாசமாக, மூசையில் தூளைக் கழுத்துவரை நிரப்பி, மூடியிட்டு, உலையின் மேலிருந்த காற்றுத் துளையையும் அடைத்துவிட்டு, படுக்கப் போய்விட்டேன். பத்தாண்டுகளுக்கு முன் பெற்ற முழு மதிப்பெண்ணுக்கு அன்று வட்டியோடு விலை கொடுத்தேன்.

எவ்வளவு காற்று வேண்டியிருந்தது என்று மறுநாள் கணக்குப் போட்டேன். விருப்பமுள்ளவர்கள் உடன் வரலாம். இசட்.எஸ்.எம்.-5-இன் ஓர் அலகில் 96 சிலிக்கன், 192 பிராணவாயு அணுக்கள். அதன் எடை எண் ஏறத்தாழ 5,770. அதில் நான்கு சந்திகள், நான்கு அச்சுகள். அவற்றின் எடை எண் ஏறத்தாழ 745. ஆக மொத்தத்தில் அச்சு நூற்றுக்குப் பதினொன்றரைப் பங்கு. சிறிதளவு அலுமினியம் சேர்ந்தாலும் கணக்கு பெரிதும் மாறாது. நான் வைத்தது 10 கிராம். அதில் அச்சு ஒரு கிராமுக்குச் சற்று மேல். ஓர் அச்சு முழுதும் எரியப் பத்தொன்பது பிராணவாயு மூலக்கூறுகள் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 2.6 லிட்டர் பிராணவாயு. காற்றாகச் சொன்னால் 12 லிட்டருக்கு மேல். என் உலையின் உள்ளறை 4 லிட்டர்தான். அதுவும் 550 டிகிரியில் காற்று விரிந்து, அறை வெப்பத்தில் ஒன்றரை லிட்டர் அளவுக்கு உள்ள காற்றுதான் உள்ளே தங்கும். வேண்டியதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை! கதவிடுக்கில் கசிந்த காற்றால் மூசையின் மேற்பரப்பு மட்டும் சாம்பல் நிறமாகியிருந்தது. உள்ளே முழுக் கறுப்பு.

"இதற்கா இவ்வளவு துக்கம்? கரியென்றால் இன்னொரு முறை காற்றில் சுட்டுவிடு" என்றார் மூத்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர். அதே கறுப்புத் தூளை அப்படியே மூசையோடு சுடான உலையில் வைத்துக் கதவைத் திறந்து திறந்து மூடினேன். வெளுத்தது. பால்போல வெளுத்தது. நான் மகிழ்ந்து நின்றேன். அது இரண்டாவது தவறு; முதல் தவற்றைவிடப் பெரிது.

எரிவது என்றால் வெப்பம் வெளிப்படும் அல்லவா? ஒரு கிராம் அச்சு எரியும்போது ஏறத்தாழ ஒரு கிராம் மண்ணெண்ணெய் எரியும் வெப்பம் உண்டாகும். ஒரு தம்ளர்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஒன்பது கிராம் தூளுக்குள் அது திடீரென்று வெளிப்பட்டால், உலையின் முள் 550 காட்டிக்கொண்டிருக்கும்போதே தூளின் நடுப்பகுதி அதைவிடப் பலநூறு டிகிரி ஏறிவிடக்கூடும். இசட்.எஸ்.எம்.-5 வெறும் வெப்பத்துக்கு எளிதில் அஞ்சாது. அது அஞ்சுவது நீராவிக்கு. எரியும் ஒவ்வோர் அச்சும் ஏறத்தாழ 14 நீர் மூலக்கூறுகளைத் தருகிறது. நான்கு அச்சுக்கு 56. ஆழமான மூசையில் அந்த நீராவி மேலே போக வழியில்லாமல் தூளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். உயர்ந்த வெப்பத்தில் நீராவி அலுமினியத்துக்கும் பிராணவாயுவுக்கும் இடையிலுள்ள பிணைப்பை வெட்டி, அலுமினியத்தைச் சுவரிலிருந்து பெயர்த்துவிடும். செங்கல் பெயர்ந்தாலும் சுவர் நிற்கிறது. வீடு பார்வைக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் அமிலம் அலுமினியத்தின் தயவில் அல்லவா நின்றது? அலுமினியம் பெயர்ந்தால் அமிலமும் போயிற்று.

எக்ஸ்ரே படம் எடுத்தேன்: படிகம் பழுதின்றி இருந்தது. அணுக்கருக் காந்த ஒத்திசைவுக் கருவியில் அலுமினியத்தைப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. சுவரில் இருக்கும் அலுமினியம் நான்கு பிராணவாயுவைப் பிடித்திருக்கும். 50, 55 என்ற எண்களுக்கருகே கோபுரம் எழும். பெயர்ந்து விழுந்தது ஆறு பிராணவாயுவோடு திரியும். பூச்சியத்தருகே கோபுரம் எழும். என் படத்தில் பூச்சியத்தருகே நன்றாகவே ஒரு கோபுரம் எழுந்திருந்தது. வெண்மையைக் கண்டு மகிழ்ந்த என் அறியாமைக்கு அதுவே சான்று. நான் அந்தத் தூளைக் கொண்டு நான்கு மாதச் சோதனைகள் செய்வதாக இருந்தேன். அமிலத்தின் எண்ணிக்கை தெரியாத தூளைக் கொண்டு என்ன செய்தாலும் அது ஆராய்ச்சி ஆகாது. மற்றெல்லோருக்கும் அது நல்ல வெண்ணிறத் தூளாகவே தோன்றும் என்பதுதான் இதில் ஆபத்து. எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரைகளில் "550 டிகிரியில் ஆறு மணி நேரம் சுடப்பட்டது" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். எவ்வளவு தூள், எவ்வளவு ஆழம், எந்த வேகம், எவ்வளவு காற்று என்று எழுதுவதில்லை. ஒருவர் செய்தது இன்னொருவருக்கு வராமல் போவதற்கு இந்த ஒரு வரியே பலமுறை காரணமாயிருக்கும் என்று இப்போது நம்புகிறேன்.

எனக்குக் கேடாய் முடிந்த இதே நீராவி வேறொருவருக்கு வாழ்வாய் முடிந்த கதையும் உண்டு. 1960-களில், அச்சு எதுவும் இல்லாத ஒய் என்ற சியோலைட்டை அம்மோனியம் வடிவில் ஆழமான படுகையாக வைத்துச் சுட்டபோது, அலுமினியத்தில் ஒரு பகுதி பெயர்ந்தது; ஆனால் மிஞ்சிய கட்டடம் முன்னைவிடப் பன்மடங்கு உறுதியாயிற்று. தட்டையாகப் பரப்பிச் சுட்டால் இந்த உறுதி வருவதில்லை. படுகையின் ஆழமே காரணம் என்று எடுத்துக்காட்டியவர் முன்பு சொன்ன கெர். இந்த உறுதிமிக்க ஒய்தான் பெட்ரோல் ஆலைகளில் கனத்த எண்ணெயை உடைக்கும் கிரியா ஊக்கியில் இன்றும் முதுகெலும்பாக இருக்கிறது. வேண்டுமென்று செய்தால் பக்குவம். தெரியாமல் செய்தால் பாழ்.

இப்போது நான் செய்யும் முறை வேறு. அகன்ற பீங்கான் தட்டில் தூளை ஒரு நெல்லின் கனத்துக்கு மேற்படாமல் பரப்புகிறேன். மூடி கிடையாது. குழாய் உலையில் முதலில் நைட்ரஜனை ஓடவிட்டு, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் ஏற்றுகிறேன். நைட்ரஜனில் அச்சு உடையும்; எரியாது. உடைந்த துண்டுகளை ஓடும் வாயு வாரிக்கொண்டு போய்விடும். பெரும்பகுதி போன பிறகு மெல்ல மெல்லக் காற்றைக் கலக்கிறேன். எஞ்சிய கரி கொஞ்சம் கொஞ்சமாக எரிகிறது. 550-ஐ எட்டவே ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். அங்கே ஆறு மணி நேரம். மாலையில் தொடங்கினால் மறுநாள் முற்பகல் ஆகும். கல்லைப் படலமாக, மெல்லிய தோல்போல, வளர்ப்பவர்கள் இதைவிடவும் மெதுவாக ஏற்றுகிறார்கள். அச்சு வெளியேறும்போது படிகத்தின் அளவு சிறிது மாறும். அடியிலுள்ள தாங்குபொருள் அதே அளவில் மாறாது. அவசரப்பட்டால் படலம் வெடித்துவிடும். உலையிலிருந்து வரும் வாயுவைப் புகைபோக்கிக்குள் விட மறக்கக் கூடாது. அமீன்களின் வாசம் பழைய மீன் கடையை நினைவூட்டும். ஒருநாள் மறந்ததில் மாடி முழுவதும் என்னைத் தேடி வந்துவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு அறைத் தோழரின் கேள்வி வேறு வடிவில் திரும்பி வருகிறது. சேர்மானத்திலேயே விலையுயர்ந்தது அந்த அச்சு. அதை எரித்துப் புகையாக்குவதுதானா வழி? ஆலைக்காரர்களுக்கு இது சிறிய கேள்வியன்று. எஸ்.எஸ்.இசட்.-13 என்று ஒரு சியோலைட் உண்டு. செம்பு ஏற்றி டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் வைத்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு நச்சுக்களை நீக்கும். அதைச் செய்ய முதலில் பயன்பட்ட அச்சு அடமன்டேன் என்ற கூண்டு வடிவப் பொருளிலிருந்து வருவது, விலை மிகுந்தது. அதை எரித்தால் உண்டாகும் வாயுக்களில் நைட்ரஜன் ஆக்ஸைடும் ஒன்று. வண்டியின் நச்சை நீக்கும் மருந்தைச் செய்யவே அந்த நச்சைக் கொஞ்சம் உண்டாக்க வேண்டியிருக்கிறது!

2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹியுன்ஜூ லீ, ஸ்டேசி ஜோன்ஸ், மார்க் டேவிஸ் ஆகிய மூவர் எரிக்காத வழி ஒன்றை வெளியிட்டார்கள். பூட்டும் சாவியும்போல இரண்டு துண்டாகக் கழலக்கூடிய அச்சைக் கட்டினார்கள். காரக் கரைசலில் அது முழுதாய் நின்று இசட்.எஸ்.எம்.-5-ஐ வளர்க்கும், பிறகு அமிலம் பட்டதும் உள்ளேயே இரண்டாகப் பிரியும், சிறிய துண்டுகளைக் கழுவி எடுத்து, வெளியே மறுபடியும் பூட்டிக்கொள்ளலாம். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் ஏற்ற அச்சை இப்படிக் கழலும்படி செய்வது எளிதன்று. ஆலைகளில் உலை இன்னும் அணையவில்லை. ஓசோன் வாயுவைக் கொண்டு 250 டிகிரிக்கும் கீழேயே அச்சை அரித்தெடுக்கிறார்கள் சிலர். மென்மையான கற்களுக்கு அது நல்லது. 2008-இல் சீனத்து ஆராய்ச்சியாளர் சிலர் பீட்டா என்ற சியோலைட்டை, முன்பே செய்த கல்லின் சிறு பொடியை விதையாகத் தூவி, அச்சே இல்லாமல் வளர்த்துக் காட்டினார்கள். தயிருக்கு உறை ஊற்றுவதுபோலத்தான். மொபில் நிறுவனத்தார் 1992-இல் வெளியிட்ட எம்.சி.எம்.-41 போன்ற அகன்ற துளைப் பொருள்களில் தொல்லையே இல்லை. அங்கே பானையின் வாய் பெரிது; அமிலம் கலந்த சாராயத்தில் கழுவினால் பூசணி தானே வந்துவிடும்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. அது நமக்கு அண்டை வீட்டு வரலாறு. புணே தேசிய இரசாயனச் சோதனைச் சாலையில், சென்னை லயோலாக் கல்லூரியில் பயின்ற பால் இரத்தினசாமி அவர்களும் அவர் குழுவினரும் 1980-களில் என்சிலைட் என்ற பெயரில் இவ்வினத்துக் கிரியா ஊக்கிகளை ஆக்கினார்கள். பாலியெஸ்டர் துணிக்கு வேண்டிய சைலீனைத் தயாரிப்பதற்கு ஒன்று. சாராயத்தையும் பென்சீனையும் சேர்த்து எத்தில் பென்சீன் செய்வதற்கு ஒன்று. பெட்ரோலிய எத்திலீனுக்குப் பதிலாகக் கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயத்தைக் கொள்வது இந்நாட்டுக்கேற்ற யோசனை. இரண்டும் ஏட்டோடு நில்லாமல் ஆலைக்குப் போயின. டன் கணக்கில் கல்லைச் சுடும்போது நான் சொன்ன ஆழம், காற்று, நீராவி ஆகிய எல்லாம் எத்தனை மடங்கு பெருகும் என்பதைப் பத்துக் கிராமில் தோற்ற நான் ஒருவாறு ஊகிக்கிறேன்.

அச்சு போன பிறகும் வேலை முடிவதில்லை என்பதை அறைத் தோழருக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மறுபடியும் கேட்பார். சமையலில் சேர்ந்த சோடியம் இன்னும் சில அலுமினியங்களின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மோனியம் நைட்ரேட் கரைசலில் தூளை இட்டுச் சூடாக்கிக் கலக்கி, சோடியத்தை வெளியேற்றி அம்மோனியத்தை அமர்த்த வேண்டும். இம்முறை கழுவினால் போதும், தெருக்கள் திறந்திருக்கின்றன. பிறகு உலர்த்தி, அம்மோனியா போய் ஹைட்ரஜன் மட்டும் தங்குவதற்காக, தட்டில் பரப்பி மூன்றாவது முறையும் அடுப்பில் வைக்க வேண்டும்.